ரிட்டயர் ஆனவர் தடுப்பூசியை ஏன் தள்ளிப்போடுகிறார்?

கேள்வி இதுதான். வேலையில் இருந்தவரை ஆண்டு தவறாமல் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொண்ட அப்பா, ஓய்வு பெற்ற பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. கேட்டால் "பார்க்கலாம்" என்கிறார். தடுப்பூசிக்கு எதிரானவரும் இல்லை. "இப்போதுதான் நேரம் நிறைய இருக்கிறதே, அப்புறம் ஏன்?" என்று மகள் கேட்டிருக்கிறார். பணி ஓய்வு ஒருவருடைய உடல்நல முடிவுகளை உண்மையிலேயே மாற்றுமா, இல்லை இதெல்லாம் வயதின் வேலையா என்பது அவருடைய இரண்டாவது கேள்வி.

முதல் கேள்விக்கு என் பதில்: உங்கள் அப்பா ஊசியை நிறுத்துவது என்று முடிவு எடுத்திருக்க மாட்டார். ஏனென்றால் போட்டுக்கொள்வதையும் அவர் உட்கார்ந்து யோசித்து முடிவு செய்திருக்க வாய்ப்பில்லை. அலுவலகத்தில் ஒரு நாள் குறித்திருப்பார்கள். மின்னஞ்சல் வந்திருக்கும். நர்ஸ் ஒருவர் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருப்பார். பக்கத்து இருக்கைக்காரர் "வாங்க, போட்டுட்டு வந்துடலாம்" என்று எழுந்திருப்பார், இவரும் கூடவே போயிருப்பார். அந்த ஏற்பாடு மொத்தமும் கடைசி வேலை நாளோடு நின்றுவிட்டது. ஊசியைப் பற்றிய அவருடைய கருத்து அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான். அதைச் செயலாக்கிக்கொண்டிருந்த ஆட்கள்தான் இப்போது பக்கத்தில் இல்லை.

இது ஊகம் மட்டும் இல்லை. வேலையிடங்களில் ஃப்ளூ ஊசியை வைத்து நடந்த சோதனைகள் சில இருக்கின்றன. 2010-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஒன்றில், அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஊழியர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு "உங்களுக்கு இந்த நாள், இந்த நேரம் ஒதுக்கியிருக்கிறோம், வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாம், ரத்தும் செய்யலாம்" என்று தகவல் போனது. மற்றவர்களுக்கு "விருப்பமிருந்தால் இங்கே போய் நேரம் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று போனது. ஊசி அதே ஊசிதான், அதுவும் இலவசம். முதல் பகுதியில் 45 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள், இரண்டாவதில் 33 சதவீதம். அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சோதனையில், ஒரு நிறுவனத்தின் ஊழியர்களிடம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று தாங்களே எழுதிக்கொள்ளச் சொன்னார்கள். அதை யாரும் திருப்பி வாங்கிப் பார்க்கவில்லை. அப்படியும் போட்டுக்கொண்டவர்கள் 4 சதவீதப் புள்ளிக்கு மேல், அதாவது நூறு பேரில் நாலு பேருக்கு மேல், கூடினார்கள்.

இந்த இரண்டு சோதனையிலும் யாருடைய நம்பிக்கையையும் மாற்ற முயலவில்லை. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்று யாரும் யாரோடும் வாதாடவில்லை. ஒரு தேதியும் ஒரு நேரமும் வந்ததிலேயே பலர் எழுந்து போயிருக்கிறார்கள். அப்படியானால் இதைத் திருப்பியும் பார்க்கலாம்: தேதியும் நேரமும் போய்விட்டால் அதே அளவுக்குப் பலர் எழாமலே இருந்துவிடுவார்கள். ஓய்வு பெறும் நாளில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

சரி, நேரம் என்ற விஷயத்துக்கு வருவோம். மகளின் கேள்வி அதில்தான் நிற்கிறது. பொருளாதாரத்தில் இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. மைக்கேல் கிராஸ்மன் 1972-இல் எழுதிய கட்டுரையில் உடல்நலத்தை ஒரு மூலதனம் போல எடுத்துக்கொண்டார். வயது ஏற ஏற அது தேய்கிறது. மருத்துவம், உடற்பயிற்சி, நேரம் இவற்றைப் போட்டு நாம் அதை நிரப்புகிறோம். எதற்காக நிரப்புகிறோம்? இரண்டு காரணங்கள். நன்றாக இருந்தால் வாழ்க்கை நன்றாக இருக்கும் என்பது ஒன்று. நோயில் படுத்தால் வேலை நாள் போகும், வருமானம் போகும் என்பது மற்றொன்று. ஓய்வு பெற்றதும் இந்த இரண்டாவது காரணம் கழன்றுவிடுகிறது. ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாலும் பென்ஷன் குறையாது. ஆனால் எதிர்ப்பக்கத்தில், மருத்துவமனையில் காத்திருக்கும் ஒரு மணி நேரத்தின் விலையும் குறைந்துவிடுகிறது. இரண்டும் எதிரெதிராக இழுக்கின்றன. அதனால் வெறும் கோட்பாட்டை வைத்து ஓய்வுக்குப் பின் ஊசி கூடுமா குறையுமா என்று சொல்ல முடியாது.

என்னைக் கேட்டால், இந்தக் கணக்கு ஒன்றை விட்டுவிடுகிறது. நேரம் குறைவாக இருக்கும்போது நாம் அதைப் பங்கு போடுகிறோம்: "செவ்வாய் மதியம் மட்டும்தான் முடியும், அன்றைக்கே போய்விடலாம்." எல்லா நாளும் காலியாக இருக்கும்போது எந்த நாளுக்கும் அவசரம் இல்லை. இன்றைக்குப் போகாததால் எதுவும் கெட்டுப்போவதில்லை, நாளைக்கும் இதே வசதி இருக்கிறது, நாளை மறுநாளும் இருக்கிறது. ஃப்ளூ ஊசியோ பருவத்துக்கு முன்னால் போட்டால்தான் முழுப் பயன். போட்ட பிறகு உடலில் எதிர்ப்பு உருவாக ஏறக்குறைய 2 வாரம் ஆகும். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்பதிலேயே பருவம் வந்து போய்விடுகிறது. பிறகு "இனிமேல் போட்டு என்ன, அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்பது நியாயமாகவே தோன்றும்.

இன்னொன்றும் சேர்கிறது: "நான் எங்கே வெளியே போகிறேன், எனக்கு யார் கொண்டுவந்து ஒட்டுவார்கள்?" இதில் பாதி உண்மை இருக்கிறது. வேலைக்குப் போகிறவரைவிட ஓய்வு பெற்றவர் ஒரு நாளில் சந்திக்கும் ஆட்கள் பொதுவாகக் குறைவு. தொற்று வரும் வாய்ப்பு அதனால் கொஞ்சம் குறையலாம். ஆனால் வந்தால் என்ன ஆகும் என்பது வேறு கணக்கு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்வதன்படி, அங்கே ஃப்ளூ பருவத்தில் நிகழும் ஃப்ளூ சார்ந்த மரணங்களில் 70 முதல் 85 சதவீதம் வரை 65 வயதைத் தாண்டியவர்களுடையவை. நுரையீரலோடும் இது நிற்பதில்லை. கனடாவின் ஒன்டாரியோவில் செய்த ஓர் ஆய்வு 2018-இல் வந்தது. ஃப்ளூ என்று பரிசோதனையில் உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வரும் விகிதம், அதே ஆட்களுக்கு மற்ற காலத்தில் இருப்பதைப்போல 6 மடங்கு இருந்தது. "வெறும் சளிக் காய்ச்சல்தானே" என்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். அதோடு, வெளியே போகாதவருக்கும் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். பேரக் குழந்தைகள் வருவார்கள். சிறு குழந்தைகளைவிட ஊக்கமாக ஃப்ளூவைப் பரப்புகிறவர்கள் யாரும் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி: ஓய்வா, வயதா? இதைப் பிரித்துப் பார்ப்பது தோன்றுவதைவிடக் கடினம். ஓய்வு பெற்றவர்களையும் வேலையில் இருப்பவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முதலாவது, உடம்பு முடியாமல் போனதாலேயே வேலையை விட்டவர்கள் ஓய்வு பெற்றவர்களில் நிறையப் பேர். அவர்கள் டாக்டரிடம் அதிகம் போவதைப் பார்த்து, "ஓய்வு மனிதர்களை மருத்துவமனைக்கு அனுப்புகிறது" என்று சொன்னால் காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். இரண்டாவது, ஓய்வு வரும் அதே வயதில்தான் அரசாங்கங்களின் இலவச ஊசியும் சலுகைகளும் வருகின்றன. ஊசி கூடினால் அது ஓய்வாலா, இலவசத்தாலா?

ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பென்ஷன் வயது சட்டத்தால் வருவது, ஒருவரின் உடல்நிலையைப் பார்த்து வருவதில்லை. அந்த வயதுக்குச் சற்று முன்னால் இருப்பவர்களும் சற்றுப் பின்னால் இருப்பவர்களும் மற்ற எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். அந்தக் கோட்டில் திடீரென்று ஒரு தாவல் தெரிந்தால் அதற்கு ஓய்வைக் காரணம் சொல்லலாம். பென்ஷன் வயதும் ஊசி வயதும் வேறுவேறாக இருக்கும் நாடுகள் இதற்கு இன்னும் வசதி. ஜெர்மனியில் 60 வயதிலிருந்தே ஃப்ளூ ஊசி பரிந்துரைக்கப்படுகிறது, பென்ஷன் வயதோ படிப்படியாக 67-ஐ நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் பென்ஷனைக் குறைந்த தொகையில் 62-இலேயே வாங்கத் தொடங்கலாம், மெடிகேர் மருத்துவக் காப்பீடு 65-இல்தான் வரும். இங்கிலாந்தில் 65-இல் ஊசி இலவசம், அரசு பென்ஷன் 66-க்குப் போய்விட்டது. இந்த இடைவெளிகள்தான் ஆய்வாளர்களுக்குச் சோதனைக்கூடம்.

அப்படிப் பார்த்ததில் கிடைத்த முடிவுகள் ஒரே திசையில் இல்லை. பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கும். பிரான்சில் மின்சார, எரிவாயு நிறுவனத்தின் ஊழியர்களை ஓய்வுக்கு 7 ஆண்டு முன்பிருந்து 7 ஆண்டு பின்புவரை தொடர்ந்த ஆய்வு ஒன்று 2009-இல் வெளிவந்தது. "என் உடல்நிலை சுமார்தான்" என்று சொன்னவர்கள் ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் 19 சதவீதம், ஓய்வுக்குப் பிந்தைய ஆண்டில் 14 சதவீதம். வேலையின் சுமை இறங்கியதும் உடம்பு லேசாகியிருக்கிறது. ஜெர்மனியின் தரவுகளை வைத்து 2015-இல் பீட்டர் ஐபிஷ் எழுதிய கட்டுரையும் கிட்டத்தட்ட இதையே சொல்கிறது: மனநிலை மேம்படுகிறது, தூக்கம் கூடுகிறது, உடற்பயிற்சி கூடுகிறது. கூடவே இன்னொன்றும் சொல்கிறது: டாக்டரிடம் போவது குறைகிறது.

இந்தக் கடைசி வரிதான் நம் கேள்விக்கு முக்கியம். நன்றாக இருப்பதாக உணர்கிறவர் டாக்டரிடம் போவதில்லை. விடுப்புச் சான்றிதழ் வாங்கவும் இனி அவர் போக வேண்டியதில்லை. டாக்டரிடம் போகாதவருக்கு "உங்களுக்கு இந்த ஊசி இன்னும் போடவில்லையே" என்று சொல்ல ஆள் இல்லை. தடுப்பூசி பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியும் ஒன்று, டாக்டரோ நர்ஸோ நேரில் பார்த்துச் சொல்வதைப் போல வேறெதுவும் எடுபடுவதில்லை என்பது. ஆக, ஓய்வு தந்த நல்ல உடல்நிலையே ஊசிக்கான வாய்ப்பைக் குறைத்துவிடலாம். ஐபிஷ் இன்னொருவரோடு சேர்ந்து ஐரோப்பிய நாடுகளின் தரவுகளை வைத்து எழுதி 2021-இல் வந்த கட்டுரை, ஓய்வுக்குப் பின் பெண்கள் மேமோகிராம் எடுப்பது குறைவதைக் காட்டியது. மார்பகப் பரிசோதனை வேறு, ஊசி வேறுதான். ஆனால் வலியோ காய்ச்சலோ இல்லாத நேரத்தில், நாமாக எழுந்து போய்ச் செய்துகொள்ள வேண்டியவை என்ற வகையில் இரண்டும் ஒரே இனம்.

எதிர்ப்பக்கச் சான்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 62 வயதைத் தொட்டதும் ஆண்களின் மரண விகிதம் சுமார் 2 சதவீதம் தாவுவதை 2018-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. வேலையை விட்டவர்கள்தான் அதற்குப் பெரும் காரணமாகத் தெரிந்தார்கள். ஸ்வீடனில் முன்கூட்டியே ஓய்வு பெற வாய்ப்புக் கிடைத்த ராணுவ அதிகாரிகளிடமோ மருத்துவமனை நாட்களும் மரணமும் குறைந்திருந்தன. ஒரே ஓய்வு, இரண்டு விதமான விளைவு. என் புரிதலில், எதிலிருந்து ஓய்வு பெறுகிறோம், விரும்பிப் போனோமா போகச் சொன்னார்களா, போனபின் அன்றாடத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து இது மாறுகிறது. "ஓய்வு உடம்புக்கு நல்லது" என்றோ "ஓய்வு ஆளைக் கொன்றுவிடும்" என்றோ ஒரே வரியில் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

மற்றப் பழக்கங்களிலும் இதே கலவைதான். ஓய்வுக்குப் பின் சிகரெட்டை விடுகிறவர்கள் கணிசமாக உண்டு. புகைக்க வெளியே அழைக்கும் சகாக்கள் இல்லை, வேலை நெருக்கடியும் இல்லை. ஒரு சிலர் குடியை அதிகமாக்கிக்கொள்கிறார்கள். நடையைப் பொறுத்தவரை நெதர்லாந்து ஆய்வு ஒன்று சுவையான விஷயத்தைக் காட்டியது: வேலைக்குப் போய்வரும்போது தானாக நடந்த நடையும் மிதித்த சைக்கிளும் ஓய்வோடு போய்விடுகின்றன, ஓய்வு நேர விளையாட்டும் உடற்பயிற்சியும் அந்த இழப்பை ஈடுகட்டவில்லை. தானாக நடந்துகொண்டிருந்த ஒன்றை இனி நாமாகச் செய்ய வேண்டும் என்ற சிக்கல் அங்கேயும் வருகிறது, பாருங்கள்.

ஜப்பானை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவு. அங்கே ஊழியர்களுக்கு வருடாந்தர உடல் பரிசோதனை செய்துவைப்பது முதலாளியின் சட்டக் கடமை. வேலையை விட்டவர்கள் உள்ளாட்சி நடத்தும் காப்பீட்டுக்கு மாறுகிறார்கள். 2008 முதல் அங்கேயும் 40 முதல் 74 வயதுவரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை உண்டு. ஆனால் அதற்கு அவர்களாகப் போக வேண்டும். வேலையிடக் காப்பீட்டில் இருப்பவர்களைவிட இவர்களில் பரிசோதனைக்குப் போகிறவர்கள் வெகுவாகக் குறைவு.

அப்படியானால் முதியவர்களுக்கு ஊசி போடுவதில் சில நாடுகள் மட்டும் எப்படி வெற்றி பெறுகின்றன? உலக சுகாதார மாமன்றம் 2003-இல் ஓர் இலக்கு வைத்தது: 2010-க்குள் முதியவர்களில் 75 சதவீதம் பேருக்கு ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி. எட்டியவை சில நாடுகள்தான். டென்மார்க் சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய 80 சதவீதத்தைத் தொட்டிருக்கிறது. அங்கே 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு அரசின் மின்னஞ்சல் பெட்டிக்கே கடிதம் வந்துவிடும். 2022-23 பருவத்தில் 9 லட்சத்து 64 ஆயிரம் பேரை வைத்து, கடிதத்தின் வாசகத்தை மாற்றிப் பார்த்தார்கள். ஊசி இதயத்துக்கும் நல்லது என்று சொன்ன கடிதம் 0.89 சதவீதப் புள்ளி கூட்டியது, இரண்டு வாரம் கழித்து மறுபடி அனுப்பியது 0.73 புள்ளி கூட்டியது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஏற்கெனவே 80 சதவீதம் பேர் போட்டுக்கொள்ளும் இடத்தில், ஏறக்குறைய எந்தச் செலவும் இல்லாமல் கிடைத்தது அது. அந்த 80 சதவீதம் எப்படி வந்தது என்பதுதான் பெரிய விஷயம்: அலுவலகம் விட்ட இடத்தில் அரசாங்கம் அழைப்பாளராக நிற்கிறது.

பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. 2013 செப்டம்பரில் அங்கே அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது, 1933 செப்டம்பர் 2-ஆம் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குத்தான் தகுதி என்று கோடு போட்டார்கள். ஒரு வாரம் முன்னால் பிறந்தவர்களுக்குக் கடைசிவரை கிடையாது. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஊசி போட்டவர்கள் 0.01 சதவீதம், இந்தப் பக்கம் 47 சதவீதம். பிறந்த நாளில் சில நாள் வித்தியாசத்தால் மனிதர்களின் கருத்து மாறாது. அழைப்பும் தகுதியும்தான் மாறின. (இந்தக் கோட்டை வைத்தே 2025-இல் ஓர் ஆய்வு வந்தது. தடுப்பூசி போட்டவர்களுக்கு அடுத்த 7 ஆண்டுகளில் மறதி நோய் வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்ததாம். அது தனிக் கதை, ஆனால் அப்பாவிடம் சொல்லத் தகுந்த கதை.) அழைப்பு வந்தும் பாதிக்கு மேல் போகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அழைப்பு தேவை, அது மட்டும் போதாது.

பணமும் உண்டு. அலுவலகக் காப்பீடு போய், புதியது வராத இடைவெளியில் பலர் எல்லாவற்றையும் தள்ளிப்போடுகிறார்கள். அமெரிக்காவில் 65-இல் மெடிகேர் கிடைத்ததும் மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவது சட்டென்று கூடுவதை டேவிட் கார்ட் உள்ளிட்ட மூவர் 2008-இல் காட்டினார்கள். அப்பாவின் விஷயத்தில் இது காரணமா என்று ஒரு முறை கேட்டுவிடுங்கள். "செலவாகும்" என்பதைச் சொல்லக் கூச்சப்பட்டு "தேவையில்லை" என்று சொல்லும் பெரியவர்கள் நிறைய.

இன்னொரு கூச்சத்தைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. வேலையில் இருக்கும்போது போடும் ஃப்ளூ ஊசி ஊழியருக்கான ஊசி. ஓய்வுக்குப் பின் அதே ஊசியை "முதியோருக்கான தடுப்பூசி" என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நேற்றுவரை ஒரு பிரிவையே நடத்திக்கொண்டிருந்தவர் இன்றைக்கு அந்த வரிசையில் போய் நிற்க வேண்டும். ஏற்கெனவே "இனி நான் யார்?" என்று தடுமாறும் காலம் அது. ஊசியை மறுப்பதில், "நான் இன்னும் அந்த வரிசைக்கு வரவில்லை" என்ற மறுப்பும் கலந்திருக்கலாம். இவரிடம் மரண எண்ணிக்கையை எடுத்துப் பேசினால் சுவரில் மோதிக்கொள்வதுதான் மிச்சம். லாரா கார்ஸ்டென்சன் என்ற ஸ்டான்ஃபோர்டு உளவியலாளர் நெடுங்காலமாகச் சொல்லிவருவது, தன் முன்னால் இருக்கும் காலம் குறைகிறது என்று உணரும் வயதில் மனிதர்கள் தூர இலக்குகளைவிட நெருக்கமானவர்களையும் மனதுக்கு இதமானவற்றையும் தேடுகிறார்கள் என்பது. பயமுறுத்தும் வாசகங்களைவிட நல்லதைச் சொல்லும் வாசகங்களைப் பெரியவர்கள் நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. "போடாவிட்டால் ஆபத்து" என்பதைவிட "குழந்தை வரப்போகிறது, அதற்கு முன்னால் நாம் எல்லோரும் போட்டுக்கொள்ளலாம்" என்பது இறங்கும்.

ஓய்வு பெற்றவருக்கு ஒரு பெரிய வசதியும் இருக்கிறது, அதை அவரே கவனித்திருக்க மாட்டார். அக்கிக்கான புதிய ஊசியை எடுத்துக்கொள்ளுங்கள். 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணை. 50 வயதைத் தாண்டியவர்களிடம் செய்த முதல் பெரிய பரிசோதனையில் 97 சதவீதப் பாதுகாப்புக் கொடுத்தது. ஆனால் போட்ட பிறகு ஓரிரு நாள் கை வலி, அசதி, சிலருக்குக் காய்ச்சல் வரும். வேலையில் இருக்கிறவருக்கு அது ஒரு விடுப்பு நாள், அதனாலேயே சிலர் இரண்டாவது தவணையை விட்டுவிடலாம். ஓய்வு பெற்றவர் படுத்து எழுந்தால் சரியாகிவிடும். அக்கி வாழ்நாளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருவது. வந்து போனபின் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலியைப் பார்த்தவர்கள் இந்த ஓரிரு நாளைப் பொருட்படுத்த மாட்டார்கள். நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கு எதிரான ஊசியும் அப்படித்தான், பெரும்பாலும் ஒன்றிரண்டு முறையோடு முடிந்துவிடும். ஆண்டுதோறும் ஞாபகம் வைத்திருக்க வேண்டியது ஃப்ளூ ஊசி மட்டும்தான். கோவிட் ஊசிக்கு அந்தந்த நாட்டின் பரிந்துரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இப்போது நீங்கள் செய்யக்கூடியது. "அப்பா, ஊசி போட்டுக்கோங்க" என்று சொல்வதை நிறுத்துங்கள், அவர் அதை ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர். நீங்களே நேரம் பதிவு செய்துவிட்டு "வியாழன் காலை 10 மணிக்கு, நானும் போட்டுக்கொள்கிறேன், சேர்ந்து போகலாம்" என்று சொல்லுங்கள். ரட்கர்ஸ் சோதனையை வீட்டில் செய்து பார்ப்பதுதான் இது. மாற்றவோ மறுக்கவோ அவருக்கு உரிமை இருக்கட்டும், ஆனால் மாற்றும் வேலை அவருடையதாக இருக்கட்டும். அவர் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது, எந்தெந்த ஊசி பாக்கி என்று ஒரு முறை எழுதி வாங்கிவிடுங்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்து எடுக்கிறவர்களுக்கும், முன்பு ஏதாவது ஊசியில் கடுமையான ஒவ்வாமை வந்தவர்களுக்கும் சில ஊசிகள் ஆகாது, சிலவற்றை வேறு விதமாகப் போட வேண்டும். அதை டாக்டர்தான் சொல்ல முடியும். அம்மாவையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டோடு இருந்தவர்களை எந்த அலுவலகமும் எப்போதும் அழைத்ததில்லை.

அப்பாவின் நண்பர்களில் இன்னும் வேலையில் இருப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் பென்ஷன் தாள்களைச் சரிபார்க்கிறோம், காப்பீட்டு விண்ணப்பம் போடுகிறோம். அதே கோப்பில், அலுவலக மருத்துவப் பிரிவில் இத்தனை ஆண்டு போட்ட ஊசிகளின் பதிவையும் பரிசோதனை முடிவுகளையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். போனபின் கேட்டால் கிடைப்பது சிரமம். அக்கி, நிமோகாக்கஸ் போன்றவற்றுக்கு வயது வந்திருந்து அலுவலகக் காப்பீடு செலவை ஏற்கும் என்றால், கடைசி நாளுக்கு முன்பே முடித்துவிடலாம். அக்கி ஊசிக்கு இரண்டு தவணைக்கும் நடுவில் குறைந்தது 2 மாதம் வேண்டும் என்பதால், முதல் தவணையை ஓய்வுக்கு 3 மாதமாவது முன்னால் போட்டாக வேண்டும்.